குருவிச் சொம்பு

ஜனவரி 6

அன்புத் தங்கைக்கு,

கடவுள் கிருபையால் நல்லபடி வீடு வந்து சேர்ந்தேன். முழங்கால் வலியும் கூடவே வந்து சேர்ந்தது. நான் உன் வீட்டில் இருந்த நாளெல்லாம் உன் அத்தான் கண்டதை வாங்கித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார், மற்றபடி சௌக்கியம். நீயும் பொடிசும் நலமா? கப்பலில் இருக்கும் உன் வீட்டுக்காரரிடமிருந்து சேதி உண்டா? உன்னிடம் விட்டுவந்திருக்கும் என் பிள்ளை துரை வேளைக்குச் சாப்பிடுகிறானா?

இதையெல்லாம் போனில் கேட்கலாம்தான். நீ பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

உன் வீட்டில் கண்ட காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. இரண்டரை வயதுப் பெண் குழந்தை, பால் மணம் மாறாத வாய், ஒரு கந்தலை எடுத்துத் தரையில் மண்டியிட்டு, தான் கொட்டின தண்ணீரைத் தானே துடைக்கிறது. பெற்றவள் கை கட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "குடுடா கண்ணு, பெரியம்மா துடைக்கிறேன்" என்று போனால் குட்டி என்னை முறைத்து "நானே" என்கிறது. செருப்பு மாட்டிவிடவா? நானே. சோறு ஊட்டவா? நானே. மூக்குத் துடைக்கவா? அதுவும் நானே! முளைத்து மூன்று இலை விடவில்லை, அதற்குள் என்ன நானே? ஊட்டுகிறவன் மேலே ஒருவன் இருக்கிறான் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறவள் நான். எனக்கு அந்தச் சொல்லே காதில் நாராசம்.

அப்புறம் அது தண்ணீர் ஊற்றிக்கொள்கிற அந்த ஜக்கு. உள்ளங்கைக்குள் அடங்குகிறது. அது என்ன, குருவிக்குத் தண்ணீர் வைக்கிற சொம்பா?

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் முதல் ஆஸ்பத்திரியில் உனக்கு விடியற்கால வேலை. பொடிசைக் காப்பகத்துக்குக் கூட்டிப்போக எதிர்வீட்டு டிரைவர் மனைவி ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஆனால் பிள்ளை சாப்பிட்டு, சட்டை போட்டு, செருப்பு மாட்டி வாசலில் நிற்க வேண்டுமாம். ஊட்டவோ உடுத்தவோ தன்னால் ஆகாதாம். துரை வீட்டில் இருப்பானே என்று நினைக்காதே. அவன் வேலைக்குக் கிளம்புகிற ஆம்பளை. பொடிசு தானே கிளம்பி நிற்குமா? கிழித்தது. குழந்தையை என்னிடம் விடு. உன் வீட்டுக்காரர் கப்பலை விட்டு இறங்கும்வரை என் கையால் ஊட்டி வளர்க்கிறேன். துரையை வளர்த்த கை இது. "யோசிக்கிறேன்" என்றாயே, யோசி. ஜூனில் வந்து அழைத்துப்போகிறேன்.

உன் நலம் வேண்டும்
அக்கா


ஜனவரி 24

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் படுக்கை விரிப்பு மடித்து மடித்துத் தோள் இறங்கிக் கிடக்கிறது, வேறு குறையில்லை. உன் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா? அத்தான் வயிறு தேவலையா?

ஜக்கைப் பற்றி எழுதியிருந்தாய். பெரிய ஜக்கைத் தூக்கினால் அவள் முழுக்க நனைவாள், தரையும் நனையும். இதில் கொஞ்சம்தான் பிடிக்கும், அதனால் கொஞ்சம்தான் கொட்டும். துடைக்கிற துணி அவள் கைக்கெட்டும் உயரத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது. இதில் கொடுமை எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

போன வருஷம் ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்து காப்பகத்துக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். ஒரு ஆயா, அறை கொள்ளாத பிள்ளைகள். எடுத்துச் சாப்பிடத் தெரிந்தவை சாப்பிட்டுக்கொண்டிருந்தன. என் பெண் தட்டுக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆயா வந்து சேர்வதற்குள் சோறு காய்ந்து போயிருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கரண்டியை அவள் கையில் கொடுத்தேன்.

இப்போது அவித்த முட்டை உரிக்கிறாள். ஓட்டோடு பாதி வெள்ளையும் போய்விடுகிறது. மீதியைத் தின்றுவிட்டு ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

துரைக்கு நீ அனுப்பிய பார்சல் வந்தது. சட்டைகளுக்கெல்லாம் பொத்தான் மாட்டி, மேலே இரண்டை மட்டும் திறந்துவிட்டு, இஸ்திரி போட்டு மடித்திருக்கிறாய். ஷூவும் கயிறு கட்டியே வந்திருக்கிறது. ஜவுளிக்கடைப் பொம்மைக்கு உடுத்தவா, அக்கா?

ஜூன் விஷயம் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்
தங்கை


பிப்ரவரி 10

தங்கைக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் நலம். நீங்கள் மூவரும் நலமாயிருக்க விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். உனக்காகக் கூடுதலாக வேண்டுகிறேன், தேவைப்படுகிறது.

பொம்மையா? என் பிள்ளை காலையில் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று செய்கிறேன். தலைவழியே மாட்டினால் ஆயிற்று. பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அப்படித்தான். ஷூவும் காலை நுழைத்தால் போதும். அதற்கென்று அவன் படிப்பு குறைந்துபோயிற்றா? மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைக்காமல் போயிற்றா? பழகும் காலம் முடிந்ததும் பின்கட்டுப் பட்டறையில் லென்ஸ் பொருத்துகிற மேசையே அவனுக்குத்தானாம், எழுதியிருக்கிறான். நூறு பேர் கண் அவன் கையில். தாய் ஊட்டி வளர்த்த பிள்ளை எங்கே போய் நிற்கிறது பார். உன் பெண் எங்கே நிற்கிறாள்? மண்டியிட்டு நிற்கிறாள், கந்தலும் கையுமாக.

கைக்குட்டை மடிக்கிறாள், பட்டாணி உரிக்கிறாள் என்று அன்றைக்குப் பெருமையாகக் காட்டினாயே. பெற்ற பெண்ணைச் சம்பளமில்லாத வேலைக்காரியாக்குவதற்குப் புத்தகத்தில் என்னவோ பெரிய பெயர் போட்டிருப்பான். நான் புத்தகம் பார்த்துப் பிள்ளை வளர்க்கவில்லை.

பொடிசுக்கு நான்கு கவுன் தைத்து அனுப்பியிருக்கிறேன். பொத்தான், கொக்கி, நாடா ஒன்றும் கிடையாது. கழுத்து, இடுப்பு எல்லாம் எலாஸ்டிக். குழந்தை இனி விரலை நோகடிக்க வேண்டாம்.

கடவுள் உனக்குப் புத்தி கொடுக்கட்டும்.
அக்கா


மார்ச் 3

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். கவுன்களுக்கு நன்றி. தையல் அழகாக இருக்கிறது. பொடிசு ஒன்றைப் போட்டுக்கொண்டாள், வயிற்றைத் தடவினாள், முதுகைத் தடவினாள், "பட்டன் எங்கம்மா?" என்றாள். இல்லை என்றேன். "பெரியம்மா மறந்துட்டாங்க" என்று சொல்லிக் கழற்றிவிட்டாள். கழற்றச் சுலபமாகத்தான் இருந்தது.

ஒரு விஷயம் எழுத வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே சத்தமே இல்லை. பிள்ளை இருக்கிற வீட்டில் சத்தமில்லை என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். இறங்கி ஓடினேன். துரையின் அலமாரிக் கீழ்த்தட்டு காலி. சட்டையெல்லாம் தரையில். நடுவில் பொடிசு, நாக்கை உதட்டோரம் நீட்டிக்கொண்டு கடைசிச் சட்டையின் கடைசிப் பொத்தானில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"எல்லாம் தெறந்துட்டேன்!"

ஷூக் கயிற்றையும் விடவில்லை. திட்ட வாய் வரவில்லை, அக்கா. ஒரு மாதமாக ஒரே பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தவள் அவள். திறக்கத்தான் கற்றிருக்கிறாள், பூட்ட இன்னும் தெரியாது. அந்த விஷயத்தில் வீட்டில் இப்போது இரண்டு பேர்.

திங்கட்கிழமை துரை கடைக்குத் தாமதமாகப் போனான்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.
தங்கை


மார்ச் 12

தங்கைக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. ஆனாலும் நலமா?

தாமதமாகப் போனான் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டாய். எவ்வளவு தாமதம்? முதலாளி என்ன சொன்னார்? பக்கத்தில் நின்ற சித்திக்குக் கை இல்லையா, நான்கு பொத்தான் போட்டுவிட? ஒரு பிஞ்சுக் கழுதை அவிழ்த்துப் போடும், ஒரு பெரிய மனுஷி வேடிக்கை பார்ப்பாள், என் பிள்ளை திறந்த மார்போடு தெருவில் போக வேண்டும். நல்ல குடும்பம்.

உடனே பதில் எழுது. துரைக்கு வேறு ஆறு சட்டை, பொத்தான் போட்டு, இன்றே அனுப்புகிறேன். உயரமான தட்டில் வை.

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் சித்தியும் பொடிசும் நலம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? சித்தி பதில் போடவில்லை என்று கொதித்துக்கொண்டிருப்பாய். போட வேண்டாம் என்று கெஞ்சினது நான்தான்.

லென்ஸ் மேசை எனக்குத்தான் என்று எழுதினது பொய். முதல் மாதமே என்னை அங்கிருந்து எழுப்பிவிட்டார்கள். மூக்குக்கண்ணாடித் திருகாணி எள் அளவுதான் இருக்கும். இடுக்கியால் பிடித்தால் தெறிக்கிறது, அழுத்தினால் லென்ஸ் ஓரம் பிளக்கிறது. முதலாளி கத்தவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இந்த விரலெல்லாம் யாரோடது? பிரிக்காத பெட்டியில இருந்து இப்பத்தான் எடுத்த மாதிரி இருக்கே" என்றார். பட்டறையே சிரித்தது. அன்றிலிருந்து தூசி துடைக்கிறேன், கண்ணாடிக் கூடு அடுக்குகிறேன். ஜூன் வரைக்கும் பார்ப்பேன், தேறாவிட்டால் ஊருக்குப் போ என்றிருக்கிறார்.

சித்தியிடம் சொன்னேன். பொடிசின் குட்டை மேசைக்கு எதிரில் எனக்கும் ஒரு முக்காலி போட்டாள், அவ்வளவுதான். பொடிசு பீன்ஸ் விதையை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு இடுக்கியால் மாற்றுவாள். எனக்குக் கடுகு. சாயங்காலம் அதுதான் வேலை. அவள் வாய் இருக்கிறதே!

"அண்ணா, அமுக்காத. ஓடிடும்."

"சரி."

"ஓடிடுச்சு பாத்தியா? எடு. நீயே எடு."

எடுத்து நிமிர்ந்தால், "அழக் கூடாது" என்கிறாள். யார் முதலில் கிண்ணத்தை நிரப்புவது என்று போட்டி. இதுவரை அவள்தான் ஜெயித்திருக்கிறாள். விதை பெரிதாக இருப்பதால்தான் என்று சொல்லிப் பார்த்தேன், ஒப்புக்கொள்ளவில்லை.

அம்மா, சட்டைக்கு இனிமேல் பொத்தான் போட்டு அனுப்பாதே. கோபித்துக்கொள்ளாதே.

உன்
துரை


ஏப்ரல் 28

தங்கைக்கு,

உனக்கு மட்டும் இந்தக் கடிதம். என் பிள்ளை எழுதின கடிதத்தை உன் அத்தானுக்குக்கூட வாசித்துக் காட்டவில்லை. அவர் சிரித்தாலும் சிரிப்பார்.

இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை முக்காலியில் உட்காரவைத்துக் கடுகு பொறுக்கவைத்தாயா? அதுவும் மூக்கொழுகுகிற ஒன்று எதிரில் உட்கார்ந்து அதட்ட? அவன் சாப்பிடுகிறவரை தட்டுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். காய்ச்சலில் படுத்தால் இரவெல்லாம் நெற்றியில் கை வைத்துக் கடவுள் பெயரைச் சொன்னவள். அவன் விரலுக்கு என்ன குறை? அந்தக் கடைக்காரனுக்குக் கண் சரியில்லை. தன் கடைக் கண்ணாடியையே ஒன்று எடுத்து மாட்டிக்கொள்ளட்டும்.

நீ சின்னதிலிருந்தே இப்படித்தான். மேலே தூசி பட்டால்கூட "நான் பார்த்துக்கிறேன்" என்பாய். யாரும் வேண்டாம் உனக்கு. அந்த அகம்பாவத்தைக் குட்டிக்கும் ஊட்டி, என் பிள்ளைக்கும் ஊட்டுகிறாய். ஊட்டுவதே பிடிக்காது என்கிறவள், அதை மட்டும் நன்றாக ஊட்டுகிறாய்.

முடிவாகச் சொல்கிறேன். ஜூன் முதல் வாரம் வருகிறேன். இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போகிறேன். மூட்டை கட்டி வை.

அக்கா


மே 15

அக்காவுக்கு,

நலம் என்று எழுதினால் பொய்.

போன வாரம் ஒத்திகை பார்த்தோம். நான் விடியலில் வேலைக்குப் போகிற மாதிரி கதவைச் சாத்திக்கொண்டு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தேன். உள்ளே பொடிசு சாப்பிட்டு, உடுத்தி, செருப்பு மாட்டி வர வேண்டும். வந்தது அழுகைதான். பால் கிண்ணம் உடைந்தது. சட்டையில் இரண்டு கையும் ஒரே ஓட்டையில். டிரைவர் மனைவி தன் பிள்ளையோடு வாசலில் நின்று, "என்னம்மா, இதுக்குப் பேசாம உங்கக்கா வீட்டுக்கே அனுப்பிடலாமே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் உனக்குப் போன் பண்ண எடுத்தேன். வந்து அழைத்துப்போ என்று சொல்லத்தான். எண்ணைப் பாதி அழுத்தினதும் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பொடிசு சட்டையைத் தரையில் விரித்துப் போட்டு, காலர் பக்கம் உட்கார்ந்து, இரண்டு கையையும் நுழைத்து, தலைக்குமேல் ஒரு சுழற்றுச் சுழற்றினாள். சட்டை முதுகில் விழுந்தது. துரை சொல்லிக்கொடுத்ததாம். நீ அவனுக்குப் பழக்கின தலைவழி வித்தை, அக்கா! பூட்டின சட்டையில் செய்தவன் திறந்த சட்டையில் செய்யக் கண்டுபிடித்திருக்கிறான். பொத்தானை மட்டும் அவள் பூட்ட வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று பூட்டுகிறாள். நடுவில் காற்றாடுகிறது.

போனை வைத்துவிட்டேன்.

நீ தட்டுக்குப் பக்கத்தில் நின்றதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அத்தான் தன் வீட்டில் சர்க்கரை டப்பா எது என்று கேட்டால் சொல்வாரா? கேட்டுப் பார். உன் வீட்டில் உன் இரண்டு கையைத் தவிர வேறு கையே வளரவில்லை. அதைப் பாசம் என்று நீ சொல்கிறாய். நான் வேறு பெயர் வைத்திருக்கிறேன், எழுத மாட்டேன்.

வா. மூட்டை கட்டி வைக்கவில்லை. வந்து பார்.

தங்கை


ஜூன் 4

அன்புள்ள மைத்துனிக்கு,

அத்தான் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை பொறுக்கவும். உன் அக்கா பெட்டி கட்டிக்கொண்டு உன்னிடம் வருவதற்கு முதல் நாள், குளியலறை வாசலில் வழுக்கி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டு முறிவு. முழங்கை வரை மாவுக்கட்டு. இனி ஆறு வாரத்துக்கு அசைக்கக் கூடாதாம்.

வலியைவிட என்னைப் பார்த்துத்தான் அதிகம் முனகுகிறாள். நேற்றுக் காபி கலந்தேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுச் சாமி படத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் ஒரே மாதிரி இருப்பது என் தப்பா? முட்டை எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்று கேட்டால், "முப்பது வருஷமாக எதைத் தின்றீர்கள்?" என்கிறாள். முட்டையைத்தான் தின்றேன், வேகவைத்ததை யார் பார்த்தது?

எனக்கு ஊட்டத் தெரியவில்லை. அவள் மூக்கில் இடித்துவிட்டேன். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. துரைக்கு லீவு கிடைத்தால் அனுப்பு. முட்டைக்கு எவ்வளவு நேரம் என்பதையும் மறக்காமல் எழுது.

அத்தான்


ஜூன் 11

அக்காவுக்கு,

கை எப்படி இருக்கிறது? விரல் நுனி வீங்கினால் உடனே டாக்டரிடம் காட்டு. தலையணை வைத்துக் கையை உயர்த்தியே வைத்துக்கொள். அத்தானுக்கு: தண்ணீர் கொதித்த பிறகு பத்து நிமிஷம்.

துரை இந்தக் கடிதத்தோடு வருகிறான். ஒரு வாரம் லீவு. முதலாளி அவனைத் திரும்ப மேசையில் உட்காரவைத்திருக்கிறார், பழைய பிரேம் பழுது பார்க்க மட்டும். புது லென்ஸ் இன்னும் தொட விடவில்லை. ஆனால் ஊருக்குப் போ என்று சொல்லவில்லை.

எனக்கு விடியல் வேலை தொடங்கிவிட்டது. முதல் நாள் விரிப்பு மடித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்து ஒன்றுக்கு இரண்டாக மடித்தேன். மத்தியானம் நேரே டிரைவர் மனைவி வீட்டுக்கு ஓடினேன். அவளே சொன்னாள்: "வாசல்ல நின்னுச்சு. செருப்பு கால் மாத்திப் போட்டிருந்துச்சு. மாத்தி விடவான்னு கேட்டேன், என்னை ஒரு மொறை மொறைச்சுச்சு பாருங்க!"

அதனால் குழந்தை வரவில்லை, அக்கா.

தங்கை


ஜூலை 5

தங்கைக்கு,

கடவுள் துணை. எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். இடது கை. உன் அத்தான் எழுதித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். அவர் போன தடவை என் மூக்கைப் பற்றி ஊருக்கே எழுதினது போதும்.

ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவில் போகிற பிள்ளையைப் பார்த்து நான் பெருமைப்பட மாட்டேன். உன் வீட்டு ஒழுங்கும் உன் வாயும் எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை, இனியும் பிடிக்காது.

துரை வந்திருந்தான். வந்த அன்றே என் ரவிக்கைக் கைப்பக்கத் தையலைப் பிரித்து, மாவுக்கட்டு நுழைகிற அளவுக்கு விட்டு, பொத்தான் வைத்துத் தைத்தான். என் மகன் ஊசியில் நூல் கோத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே முறையில் கோத்தான். எனக்கு அழுகை வந்தது, வலியால் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஒரு ஆரஞ்சுப் பழம் உரித்தான். நார் எடுத்து, விதை எடுத்து, சுளை சுளையாகத் தட்டில் அடுக்கினான். அப்புறம் ஒன்றை எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டி, "ஆ காட்டும்மா" என்றான். அவன் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது நான் சொன்ன அதே தொனி. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, தட்டை இழுத்துக்கொண்டு "குடுடா, நானே" என்றேன்.

உன் அத்தான் சிரித்தார். சிரித்த வாய்க்கு அன்று சோறு இல்லை என்று சொல்ல முடியவில்லை. சமைத்ததே அவர்தான்.

ஊட்டும்போது வாய் திறந்து காத்திருக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அதற்கு மேல் இந்தக் கையால் எழுத முடியாது.

ஒரு வேலை செய். இந்த வீட்டு ஜக்கு இடது கைக்குக் கனக்கிறது; தூக்கினால் பாதி என் மேல்தான். பொடிசு வளர்ந்திருப்பாள், பெரியதற்கு மாறியிருப்பாள். அந்தக் குருவிச் சொம்பைப் பத்திரமாகச் சுற்றி அனுப்பிவை. இரவல்தான், கை கூடினதும் பெரியம்மா திருப்பித் தருவாள் என்று அவளிடம் கேட்டு வாங்கு. கேட்காமல் எடுக்காதே.

துடைக்கத் துணி அனுப்ப வேண்டாம். என் கைக்கெட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடித்தாயிற்று. கோணல்தான். உன் அத்தானே அடித்தார்.

அக்கா